சேலம் டு சென்னை, பிளைட்ல எவ்வளவு நேரம்?

கேள்வி: சேலம் ஏர்போர்ட்ல இருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும் சார்? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் உக்கார முடியாது. (வாசகி, தர்மபுரி)

பதில்: நேர்கோட்டுல சுமார் 265 கிலோமீட்டர்தாம்மா, ரோட்டுல போனா 340 பக்கம் வந்துடும். 2023 அக்டோபர்ல திரும்ப ஆரம்பிச்ச இந்த ரூட்ல ஓடுறது ஏடிஆர் 72ங்கிற சின்ன விசிறி விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் போகும், அப்ப அரை மணி நேரம்தானேன்னு கணக்கு போட்டுடாதீங்க, மேல ஏற, எறங்க, ரன்வே வரைக்கும் உருண்டு போகன்னு எல்லாம் சேத்து டிக்கெட்ல ஒரு மணி நேரம் பக்கம் போட்டிருப்பாங்க. என்னைக் கேட்டா அதுக்கு முன்னாடி ஆகுற நேரத்தத்தான் பாக்கணும். உங்க ஊர்ல இருந்து ஏர்போர்ட் இருக்குற காமலாபுரம் 50 கிலோமீட்டர் பக்கம், நடுவுல தொப்பூர் கணவாய், அங்க ஒரு லாரி கவுந்தா வண்டி நகரவே நகராது, தயவுசெஞ்சு சீக்கிரமே கெளம்புங்க. டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுடுங்க. ஏடிஆர்ல ஏறுற கதவு பின்பக்கம் இருக்கும், அதனால பின்வரிசை சீட்டா பாத்து எடுங்க, அம்மா நடக்குற தூரம் கொறையும்.