குறைவாகப் பயன்படுத்தும் பெரியவர் ஒருவருக்குக் கட்டுப்படியாகும் ப்ரீபெய்ட் திட்டம் எது?

ஊரில் இருக்கும் உங்கள் அப்பாவின் எண்ணுக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை 349 ரூபாய் ரீசார்ஜ் செய்து வருவதாகவும், வீட்டில் வைஃபை இருப்பதால் அந்த டேட்டாவில் பெரும்பகுதி வீணாவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தேவை நாள்தோறும் நான்கைந்து அழைப்புகள், தவறாமல் வந்து சேரும் வங்கி ஓடிபி, வெளியே செல்லும்போது எப்போதாவது வாட்ஸ்அப், அவ்வளவுதான். இதைக் குறைந்த செலவில் முடிக்க இயலுமா என்பது உங்கள் கேள்வி. இயலும், இப்போது ஆகும் செலவில் பாதிகூட ஆகாது.

விளம்பரங்கள் எல்லாம் நாளைக்கு எத்தனை ஜிபி என்றே பேசுவதால், நாமும் ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்றே கணக்குப் போடப் பழகிவிட்டோம். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் விலை கொடுத்து வாங்குவது டேட்டாவை அல்ல, எண் உயிரோடு இருக்கும் நாட்களை. ஆகவே திட்டத்தின் விலையை அது செல்லும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். 349 ரூபாயை 28 ஆல் வகுத்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். 28 நாள் என்பது மாதம் அல்ல என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது; மொத்தம் 4,537 ரூபாய். இந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜைப் பற்றி மக்கள் முறையிட்டதன் விளைவாகவே, 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றையும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டது.

இப்போது குறைந்த டேட்டா உள்ள திட்டங்களைப் பார்ப்போம். நான் தரும் விலைகள் 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு நடைமுறைக்கு வந்தவை; அவற்றில் சில பின்னர் மாறிவிட்டன. பணம் கட்டும் நாளில் நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) ஆகிய இரண்டும் இந்த வகையில் ஒரே விலையை வைத்தன. 199 ரூபாய்க்கு 28 நாளும் 2 ஜிபியும், 509 ரூபாய்க்கு 84 நாளும் 6 ஜிபியும், 1,999 ரூபாய்க்கு 365 நாளும் 24 ஜிபியும் கிடைத்தன. மூன்றிலும் அழைப்புகளுக்கு வரம்பில்லை. நாள் கணக்கில் இவை முறையே ஏழு ரூபாய் பத்துக் காசு, ஆறு ரூபாய் ஆறு காசு, ஐந்தரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்று இறங்கிக்கொண்டே போயின. ஜியோவில் 189, 479, 1,899 என்ற விலைகள் இருந்தன. ஆனால் அதன் 1,899 ரூபாய்த் திட்டம் 336 நாளில் முடிந்துவிடுவது, அதாவது 28 நாள் அடங்கிய பன்னிரண்டு சுற்றுகள் மட்டுமே. 1,999 ரூபாயோடு ஒப்பிட்டு நூறு ரூபாய் மிச்சம் என்று எண்ணிவிட வேண்டாம். நாளுக்கு வகுத்தால் ஜியோ திட்டம் ஐந்து ரூபாய் அறுபத்தைந்து காசு ஆகிறது.

டேட்டாவே இல்லாத திட்டங்களும் உண்டு. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அத்தகைய சிறப்புத் திட்டங்களின் உச்ச வரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளுக்கு உயர்த்தியது. கீபேட் போன் வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்கள் தாங்கள் தொடவே முடியாத டேட்டாவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த நாட்டில் இது வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விதி என்பது என் உறுதியான கருத்து. அதன்படி 2025 தொடக்கத்தில் வந்த திட்டங்களில் ஏர்டெலில் 469 ரூபாய்க்கு 84 நாளும், 1,849 ரூபாய்க்கு 365 நாளும் இருந்தன; ஜியோவில் 448 ரூபாய்க்கு 84 நாளும், 1,748 ரூபாய்க்கு 336 நாளும் இருந்தன.

1,849 ரூபாய்த் திட்டத்தையும் 1,999 ரூபாய்த் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த விலைகளில் வேறுபாடு ஆண்டுக்கு 150 ரூபாய்தான். அந்த 150 ரூபாய்க்கு 24 ஜிபி கிடைத்தது. உங்கள் அப்பா கடையில் யுபிஐ மூலம் பணம் கட்டுபவராகவோ, பேருந்தில் போகும்போது பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்ப்பவராகவோ இருந்தால் அந்தத் தொகையைக் கொடுத்துவிடுவதே நல்லது. வைஃபை இல்லாத இடத்தில் அவசரத்துக்கு இணையம் இல்லாமல் ஒரு முதியவர் திண்டாடுவதைவிட 150 ரூபாய் பெரிதல்ல. அவர் கையில் இருப்பது கீபேட் போன் என்றால் மட்டும் பேச்சுத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கீபேட் போனில் 4ஜி இல்லையென்றால் ஜியோவைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. 123 ரூபாய்க்கு 28 நாள் என்று ஒரு திட்டம் இருப்பதாக யாராவது சொன்னால், அது ஜியோவே விற்கும் ஜியோபாரத் என்ற கீபேட் போனுக்கு மட்டும் உரியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆண்டுக்கு 24 ஜிபி என்பது நாளைக்கு ஏறத்தாழ 67 எம்பிதான். வைஃபை இருக்கும் வீட்டுக்கு அது தாராளம். ஆனாலும் ஒரு வேலையை நீங்களே செய்து கொடுத்துவிட வேண்டும்: வாட்ஸ்அப் அமைப்புகளில் படங்களும் வீடியோக்களும் மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், செயலிகள் வைஃபையில் மட்டும் புதுப்பிக்கப்படும்படி மாற்றுங்கள். காலை வணக்க வீடியோக்கள் வந்து குவியும் குடும்பக் குழு ஒன்று இருந்தாலே போதும், இதைச் செய்யாவிட்டால் ஓராண்டு டேட்டா சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

இந்தத் திட்டங்களைக் கண்டுபிடிப்பதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். செயலியைத் திறந்தவுடன் முன்னால் நிற்பவை தினசரி 2 ஜிபி, வரம்பற்ற 5ஜி, ஓடிடி சந்தா என்று விலை கூடிய திட்டங்களே. பட்டியலின் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனால் ஏதோ ஒரு கடைசித் தலைப்பின் கீழ்தான் இவை தென்படும். அப்பாவே கடைக்குப் போய் ரீசார்ஜ் செய்பவர் என்றால், "மூணு மாசத்துக்குப் போடுங்க" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் கடைக்காரர் வழக்கமாகப் போடுவது நாளைக்கு 1.5 ஜிபி தரும் 84 நாள் திட்டம். ஏர்டெலிலும் வியிலும் அது 859 ரூபாயாக இருந்தது. "ஐநூத்தி ஒம்பது ரூபா பேக் போடுங்க, 84 நாள்" என்பது போல, அன்று செயலியில் உள்ள தொகையையும் நாளையும் சேர்த்துச் சொல்லிப் பழக்கிவிடுங்கள். அந்த விலைகளில் அந்த ஒரு வாக்கியத்தில் 350 ரூபாய் மிஞ்சியது.

பிஎஸ்என்எல் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். விலையில் மற்றவர்கள் அதை நெருங்க முடியாது. அதன் 1,198 ரூபாய்த் திட்டம் 365 நாள் செல்லும். மாதந்தோறும் 300 நிமிடப் பேச்சு, 3 ஜிபி, 30 எஸ்எம்எஸ். நாளொன்றுக்கு மூன்றேகால் ரூபாய்தான் ஆகிறது. 300 நிமிடம் என்பது நாளைக்குப் பத்து நிமிடம் என்பதால், நீங்கள்தான் அழைத்துப் பேசுவீர்கள், அவர் எடுப்பார் என்ற வழக்கமுள்ள குடும்பத்துக்கு இது மிகப் பொருத்தம். வரும் அழைப்புகள் கணக்கில் சேராது. 2025 செப்டம்பர் 27 அன்று அதன் உள்நாட்டு 4ஜி சேவை நாடு முழுவதற்கும் தொடங்கி வைக்கப்பட்டதால், பழைய குறையைச் சொல்லியே அதை ஒதுக்கவும் வேண்டியதில்லை. எனினும் சிக்னல் என்பது ஊருக்கு ஊர் மட்டுமல்ல, தெருவுக்குத் தெரு மாறும் விஷயம். அதே தெருவில் அந்த சிம் வைத்திருப்பவர் ஒருவரை வீட்டுக்குள் அழைத்து, கூடத்திலும் அப்பா படுக்கும் அறையிலும் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் உடம்பு முடியாமல் அவர் அழைக்கும்போது இணைப்பு கிடைக்கவில்லை என்றால் மிச்சம் பிடித்த எண்ணூறு ரூபாயால் என்ன பயன்? இப்போதைய நிறுவனத்துக்கே வீட்டுக்குள் சிக்னல் குறைவு என்றால், அவருடைய போனில் வைஃபை வழி அழைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்கிவிடுங்கள். அதற்கும் திட்டம் நடப்பில் இருக்க வேண்டும்.

சிலர் சொல்லும் இன்னொரு யோசனையையும் குறிப்பிட்டிருந்தீர்கள்: வைஃபையில் வாட்ஸ்அப் அழைப்பு கிடைக்கிறதே, சிம்முக்கு ரீசார்ஜே செய்யாமல் விட்டுவிட்டால் என்ன என்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பத்து ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் வரும் அழைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த காலம் 2018 இறுதியோடு போய்விட்டது. அப்போதுதான் எண்ணைத் தக்கவைக்கக் குறைந்தது 35 ரூபாய் மாத ரீசார்ஜ் என்ற முறை வந்தது. இன்று பத்து ரூபாய் போட்டால் ஏழு ரூபாய் நாற்பத்தேழு காசு பேச்சுத்தொகை ஏறும், செல்லுபடிக் காலம் ஒரு நாள்கூட நீளாது. திட்டம் முடிந்து, நீண்ட நாள் கவனிக்கப்படாமல், எண் துண்டிக்கப்பட்டால், குறைந்தது 90 நாள் கழித்து அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். ஓய்வூதியக் கணக்கு, ஆதார், எரிவாயு முன்பதிவு என்று எல்லாமே அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய தொல்லை இல்லை.

ஆண்டுத் திட்டமா, 84 நாள் திட்டமா என்பதில் என் கருத்து இது. இப்போதுள்ள நிறுவனத்திலேயே சிக்னல் நன்றாக இருந்தால் தயங்காமல் குறைந்த டேட்டா உள்ள ஆண்டுத் திட்டத்துக்கு மாறுங்கள். அது 1,999 ரூபாயாக இருந்தபோது, 4,537 ரூபாயோடு ஒப்பிட 2,538 ரூபாய் மிச்சம், அதோடு ஆண்டு முழுவதும் தேதியை நினைவில் வைத்திருக்கும் பாரமும் இல்லை. நிறுவனத்தை மாற்றுவதாக இருந்தால் மட்டும் முதலிலேயே ஆண்டுத் தொகையைக் கட்டிவிடாதீர்கள். போர்ட் செய்து, அதாவது அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறி, வெளியேறினால் மீதமுள்ள நாட்களுக்கான பணம் திரும்பாது. புதிய நிறுவனத்தில் 90 நாள் இருந்த பிறகே மறுபடி மாற முடியும் என்பதால், அங்கே முதலில் 84 நாள் திட்டம் ஒன்றைப் போட்டால் அது அந்தக் கெடுவுக்கு ஆறு நாள் முன்னதாகவே முடிந்துவிடும். இடையில் 28 நாள் திட்டம் ஒன்று தேவைப்படலாம் என்று இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் செய்வதற்கு அப்பாவின் போனிலிருந்து, போர்ட் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அவருடைய பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எந்தத் திட்டத்தில் இருந்தாலும் இந்த எஸ்எம்எஸ்ஸை நிறுவனம் தடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது. வரும் குறியீடு தமிழ்நாட்டில் நான்கு நாள் வரை செல்லும். அதற்குள் ஆதாருடன் அவரே நேரில் சென்று புதிய சிம் வாங்க வேண்டும் என்பதால், நீங்கள் ஊருக்குப் போகும் வார இறுதியைப் பார்த்து எஸ்எம்எஸ் அனுப்புங்கள். சிம் மாறும் அந்தச் சில மணி நேரம் ஓடிபி வராது. ஆகவே ஓய்வூதியம் எடுக்கும் நாளையும் மருத்துவமனைக்குப் போகும் நாளையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.