0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வருகிறதே, கணினி தசம எண்களை நினைவகத்தில் எப்படித்தான் வைத்துக்கொள்கிறது?

நீங்கள் தட்டிய 0.1 நினைவகத்துக்குள் போகவே இல்லை. அதற்கு மிக அருகில் இருக்கும் வேறோர் எண்தான் போனது. கல்லூரியில் இதைப் படித்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஏற்றிவிட்டவர் ஒரு கணக்குப்பிள்ளை.

2009 வாக்கில், வேலைக்கு வந்த புதிதில், ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். தொகையை 32 பிட் ஃப்ளோட்டாக, அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களில் அடங்கும் புள்ளி எண்ணாக, வைத்திருந்தேன். புள்ளி வைத்த எண்ணா, ஃப்ளோட் போடு. அன்றைக்கு என் அறிவு அவ்வளவுதான். சில மாதம் ஒரு புகாரும் இல்லை. அப்புறம் ஒருநாள் அந்தக் கடைக் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர்.

"தம்பி, ஒன்றரை லட்சத்துப் பத்து பைசான்னு போட்டேன். திரும்ப எடுத்தா ஒன்பது பைசா காட்டுது. ஒரு பைசா எங்க போச்சு?"

"அது ரவுண்டிங்ல போயிருக்கும் ஐயா."

"அப்ப சின்ன பில்லுல ஏன் போகல?"

பதில் தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

கணினிக்குத் தெரிந்தது 0, 1 மட்டுமே கொண்ட இரும எண். அதில் புள்ளிக்கு இடப்பக்கம் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். வலப்பக்கம் அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று பாதியாகிக்கொண்டே போகும். நம் பழைய பின்ன வாய்பாட்டில் ஒரு கிளை அப்படியே இதுதான். (மா, காணி, முந்திரி எல்லாம் வேறு கிளை, அவை இங்கே உதவாது.) பன்னிரண்டே கால், அதாவது 12.25, என்றால் 8 + 4 + கால். இருமத்தில் 1100.01.

இந்தப் புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 1.10001 கிடைக்கும், நகர்த்தியதற்கு ஈடாக 2-இன் 3-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். புள்ளி இப்படி மிதந்து நகர்வதால்தான் மிதவைப் புள்ளி (ஃப்ளோட்) என்று பெயர். இனி 32 பிட்டில் இதை எழுதலாம். முதல் பிட் குறி: நேர் எண்ணுக்கு 0, எதிர் எண்ணுக்கு 1. அடுத்த 8 பிட் அடுக்கு: 3 என்று நேராக எழுதாமல் 127-ஐக் கூட்டி 130 என்று எழுதுவார்கள், அது 10000010. இப்படிக் கூட்டுவதால் எதிர் அடுக்குக்குத் தனியாக ஒரு குறி வேண்டியதில்லை. இரண்டு நேர் எண்களில் எது பெரிது என்று பார்க்கவும் அந்த 32 பிட்டை வெறும் முழு எண்ணாக நினைத்து ஒப்பிட்டாலே போதும். எனக்கு மிகவும் பிடித்த கெட்டிக்காரத்தனம் இது. மிச்சம் 23 பிட்டில் புள்ளிக்குப் பின்னால் வரும் 10001, அப்புறம் முழுக்கப் பூச்சியம். புள்ளிக்கு முன்னால் இருக்கும் 1-ஐ எழுதுவதே இல்லை. பூச்சியத்தையும் அதை ஒட்டிய மிகச் சிறிய எண்களையும் விட்டால் எப்போதும் 1-தானே, அதற்கு எதற்கு ஓர் இடம்? ஆக 23 பிட் இடத்தில் 24 பிட் சரக்கு.

0 10000010 10001000000000000000000

நான்கு நான்கு பிட்டை ஓர் இலக்கமாக்கிப் பதினாறடிமானத்தில் எழுதினால் இது 41 44 00 00. இன்டெல் வகைக் கணினியில் நினைவகத்தைத் திறந்து பார்த்தால் 00 00 44 41 என்று தலைகீழாகத் தெரியும். அங்கே கடைசி பைட்தான் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) முதலில் உட்காரும். இது தெரியாமல் நான் அரை நாள் குழம்பினேன்.

இப்போது 0.1-ஐப் பாதி பாதியாக மட்டுமே அளந்து கொடுக்கப் பாருங்கள். வீசம் 0.0625, அதோடு அரைவீசம் 0.03125, கூட்டினால் 0.09375. இன்னும் 0.00625 குறைகிறது. அடுத்த 64-இல் ஒன்றைச் சேர்த்தால் மிஞ்சிவிடும், 128-இல் ஒன்றைச் சேர்த்தாலும் மிஞ்சும், 256-இல் ஒன்று கொள்ளும், 512-இல் ஒன்றும் கொள்ளும்... இப்படி 0011 0011 என்று முடிவே இல்லாமல் போகும். பத்துக்குள் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. எத்தனை முறை பாதியாக்கினாலும் அந்த ஐந்து வராது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் 0.333 என்று எழுதிக்கொண்டே போகிறோமே, அதே கதை.

சரி, ஒரு பைசாவுக்கு வருகிறேன். 1,50,000 என்ற முழு எண்ணை எழுதவே 18 பிட் வேண்டும். கையில் இருப்பது 24. பின்னத்துக்கு மிச்சம் 6. அப்படியென்றால் அந்த உயரத்தில் ரூபாயை 64 பங்காக மட்டும்தான் பிரிக்க முடியும். பத்து பைசாவுக்குப் பக்கத்தில் இருப்பவை 64-இல் 6, இல்லையென்றால் 64-இல் 7. 6 பங்குதான் அருகில், அது 0.09375. திரையில் இரண்டு இலக்கம் மட்டும் காட்டச் சொன்னால் 9 பைசா.

2-இன் 17-ஆம் அடுக்கு 1,31,072. தொகை அதைத் தாண்டாதவரை பின்னத்துக்குக் குறைந்தது 7 பிட் இருக்கும். ரூபாய்க்கு 128 பங்கு, பிழை அரைப் பைசாவை எட்டாது, திரையில் சரியாகவே காட்டும். தாண்டினால் பைசா தொலையலாம். பெரியவரின் "சின்ன பில்லுல ஏன் போகல?" என்ற கேள்விக்கு இதுதான் விடை. மிதவைப் புள்ளி எண்ணுக்கு எத்தனை இலக்கத் துல்லியம் என்று கேட்பதைவிட, நாம் நிற்கும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று கேட்பது மேல். பூச்சியத்தின் பக்கம் நெருக்கமாக இருக்கும், போகப் போக அகலும். 1,67,77,216-ஐத் தாண்டினால் ஒற்றைப்படை எண்களே கிடையாது.

இதை அவரிடம் விளக்கியபோது, "ரூபாய்க்கு அறுபத்து நாலா? அது காலணால்ல!" என்று சிரித்தார். 16 அணா, அணாவுக்கு நான்கு காலணா. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வருவதற்கு முந்தைய கணக்கு. என் மென்பொருள் அவருடைய பத்து பைசாவை ஒன்றரை அணாவாக்கி வைத்திருந்தது.

உங்கள் 0.1 + 0.2 கணக்கு 64 பிட் டபுளில், அதாவது ஃப்ளோட்டைப் போல இரு மடங்கு இடம் எடுக்கும் வகையில், நடப்பது: குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52. இடைவெளி மிகச் சிறிது, ஆனால் விதி அதேதான். 0.1 என்று உள்ளே இருப்பது சுமார் 0.10000000000000000555. 0.2-உம் ஒரு மயிரிழை கூடுதல். 0.3 என்று தட்டினால் உட்காருவதோ 0.3-ஐவிடச் சற்றுக் குறைந்த எண். இரண்டு கூடுதலைக் கூட்டி ஒரு குறைவோடு ஒப்பிட்டால் எப்படிச் சமமாகும்? 0.5 + 0.25 போட்டுப் பாருங்கள், அச்சு அசலாக 0.75 வரும்.

இந்த அமைப்பு ஐட்ரிபிள்ஈ 754 என்ற தரம், 1985-இல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவம் வைத்திருந்தது; ஐபிஎம் 360 கணினிகளில் அடுக்கு 2-க்கு அல்ல, 16-க்கு. தரத்தின் பின்னால் இருந்த முக்கியமான மூளை வில்லியம் கஹான், 1989-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றவர். முடிவிலி, 'எண்ணே அல்ல' என்ற விடை ஆகியவற்றுக்கும் இதில் இடம் உண்டு: அடுக்குப் பிட்கள் எல்லாமே 1 என்றால் அவற்றில் ஒன்று.

பணமென்றால் பைசாவை முழு எண்ணாக வையுங்கள், அல்லது எண்ணைத் தசமமாகவே வைத்துக்கொள்ளும் தரவுத்தளத்தின் டெசிமல் வகையை எடுங்கள். அளவீடு, இயற்பியல், வரைகலைக்கு டபுள் தாராளம். ஒப்பிடும்போது மட்டும் 'சமமா' என்று கேட்காமல் 'போதிய அளவு அருகிலா' என்று கேளுங்கள்.

நானும் அந்தக் கடைக்குப் பைசா கணக்குக்கு மாற்றிக் கொடுத்தேன். பழைய பில்களைச் சரிசெய்வதுதான் முடியவில்லை. அந்த உயரத்தில் 9 பைசா என்று போட்டாலும் 0.09375, 10 பைசா என்று போட்டாலும் 0.09375. எது எதுவாக இருந்தது என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. கணக்குப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் பரணிலிருந்து காகித பில் கட்டுகளை இறக்கினார். அவர் வாசிக்க வாசிக்க, நான் தட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.