பழைய ஊட்டி பங்களாவின் புகைபோக்கிச் செங்கல் உதிர்கிறது. சிமெண்ட் பூசலாமா?

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் ஊட்டி, குன்னூர் பக்கம் கட்டிய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. கூரைக்கு மேல் தனியாக நிற்கும் புகைபோக்கியை மழை நாலு பக்கமும் நனைக்கும். குடித்த ஈரம் அந்தச் சுண்ணாம்பு இடுக்கு வழியாகத்தான் வெளியேறிக் காயும். அதைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊர் வேறு! உள்ளே நீர் உறைந்து விரிய, செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உரியும். புகைக்கரியில் இருக்கும் சல்ஃபேட்டும் சிமெண்டை அரிக்கும்.

கொத்தனாரிடம் இடுக்கை உளியால் ஓர் அங்குல ஆழம் சுரண்டச் சொல்லுங்கள். கட்டிங் மெஷின் கூடாது, செங்கல் ஓரம் போய்விடும். தூசு தட்டி, நன்றாக நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் என்று கலந்து அழுத்தி நிரப்பவும். அப்புறம் ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது காயாமல் பாருங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். முகம் போன கல்லை மட்டும் எடுத்துவிட்டு, அதே அளவில் பழைய செங்கல் தேடி வையுங்கள். மார்ச், ஏப்ரல் நல்ல சமயம். புகைபோக்கி சாய்ந்திருந்தால் மட்டும், பொறியாளரிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள்.