மகளுக்குக் கிடைத்த ப்ராஜெக்ட் இடம்: சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

அண்ணா, வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டாள். ஒரு பல்கலைக்கழகத்தில், நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் நிலத்தடி நீர் பற்றிய ஆராய்ச்சித் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) இடம் கிடைத்திருக்கிறது. மாதாமாதம் பணம் வரும், அப்படியே பிஎச்.டி.யும் முடித்துவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். "இது வேலையா, படிப்பா? பணம் யார் கொடுப்பது? நடுவில் நின்றுபோனால் என் பிள்ளை என்ன செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் சரியான கேள்விகள். ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளையின் ஐந்து வருடம் எப்படிக் கழியும் என்பது, அந்தப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிப் பணத்தையும் வெளிநிறுவனங்களோடு செய்துகொள்ளும் கூட்டு வேலையையும் எப்படிக் கையாளுகிறது என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆனாலும் பெற்றோர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள்.

முதலில் பணம். ஜே.ஆர்.எஃப். என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி உங்கள் மகள் தன் பெயரிலேயே வாங்குவது. 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து, வேலை திருப்தியாக இருந்தால், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சியாளர்) ஆகி 42,000. மொத்தம் ஐந்து வருடம் வரை கிடைக்கும். விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. இன்னொன்று, பேராசிரியர் வாங்கிய திட்டத்தில் ஆள் போட்டுக்கொள்ள ஒதுக்கிய பணத்திலிருந்து வருவது. உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது இந்த இரண்டாவது. திட்டம் இருக்கிற வரைக்கும்தான் இந்தப் பணம். திட்டங்கள் பொதுவாக மூன்று வருடம் ஓடும். பிஎச்.டி. மூன்று வருடத்தில் முடிவது அபூர்வம்.

அதனால் முதல் கேள்வி, "திட்டம் எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் முடிகிறது?" பணம் கொடுக்கும் அமைப்பு தரும் அனுமதி ஆணையில் அந்தத் தேதி இருக்கும். கேட்டால் பேராசிரியர் தவறாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல வழிகாட்டி தானே எடுத்துக் காட்டுவார். திட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி என்றால், அந்த ஒரு வருடத்துக்குள் நெட் எழுதி சொந்தமாக ஃபெலோஷிப் வாங்கியாக வேண்டும்.

அடுத்தது, திட்ட வேலையில் சேர்ந்ததாலேயே பிஎச்.டி.யில் சேர்ந்ததாக ஆகிவிடாது. வேலை நியமனம் வேறு, பிஎச்.டி. பதிவு வேறு. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஒன்றரை வருடம் வேலை பார்த்த பிறகுதான் தங்களுக்குப் பதிவே இல்லை என்று தெரிந்துகொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். இவரிடம் இடம் காலியாக இருக்கிறதா, அடுத்த சேர்க்கை அறிவிப்பு எப்போது, நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். படிப்புக் காலம் குறைந்தது மூன்று வருடம், கூடுதலாக ஆறு வருடம். பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் சலுகை உண்டு, 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. "கல்யாணம் ஆனால் படிப்பு போய்விடுமே" என்று எழுதியிருந்தீர்கள். போகாது.

இனி பல்கலைக்கழகத்தின் உள்வேலைக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

அறிவியல் திட்டங்களுக்கு மத்திய அரசில் பணம் கொடுக்கும் முக்கியமான அமைப்பு இப்போது ஏ.என்.ஆர்.எஃப். (அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை). 2023-இல் சட்டம் இயற்றி உருவாக்கியது. அதற்கு முன்பு இந்த வேலையைச் செய்துவந்த செர்ப் வாரியம் அதற்குள் போய்விட்டது. இது தவிர மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டி.எஸ்.டி., உயிரித் தொழில்நுட்பத் துறையான டி.பி.டி., அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர்., கேரளத்தில் மாநில அறிவியல் தொழில்நுட்ப சுற்றுச்சூழல் கவுன்சில் எல்லாம் உண்டு. ஆசிரியர் திட்டம் எழுதுவார், பல்கலைக்கழகம் ஒப்புதல் கடிதம் கொடுக்கும், அனுமதி வரும். ஆனால் மொத்தப் பணமும் ஒரே நாளில் கைக்கு வராது. கொடுத்ததைச் செலவழித்து, கணக்கும், யூ.சி. என்று எல்லோரும் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பினால்தான் அடுத்தது வரும். அந்த யூ.சி.யில் ஆசிரியர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. நிதி அலுவலரும் நிறுவனத் தலைமையும் போட வேண்டும். கோப்பு ஒரு மேஜையில் மூன்று மாதம் தூங்கினால், உங்கள் மகளின் உதவித்தொகையும் மூன்று மாதம் தூங்கும். டெல்லியில் பணம் இருக்கும், பேராசிரியர் நல்லவராக இருப்பார், பிள்ளை மட்டும் வீட்டுக்குப் போன் போட்டு மெஸ் காசு கேட்டுக்கொண்டிருப்பாள்.

சொந்தமாக நெட் வாங்கினாலும் இதிலிருந்து முழு விடுதலை கிடையாது. இவர் இந்த மாதம் வேலை பார்த்தார் என்று பல்கலைக்கழகம் உறுதி செய்தால்தான் அந்தப் பணமும் விடுவிக்கப்படும். ஆகவே, அதே துறையில் இப்போது படிக்கிற இரண்டாம், மூன்றாம் வருட மாணவர்களை மகள் தனியாகச் சந்தித்து ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "கடைசியாக எந்த மாதத்துப் பணம் வந்தது?" எந்தத் தரவரிசைப் பட்டியலைவிடவும் இந்தப் பதிலை நான் நம்புவேன்.

வீட்டிலிருந்தே பார்க்கக் கூடியவையும் உண்டு. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் அமைப்புக்கு வருடாவருடம் அனுப்பும் தர அறிக்கையைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. அதில் மூன்றாவது அளவுகோல் ஆராய்ச்சி பற்றியது. எந்த ஆசிரியருக்கு எந்த அமைப்பிலிருந்து எவ்வளவு வந்தது என்ற விவரம் அங்கே கிடைக்கும். பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடினால், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பத்துப் பதினைந்து வருடமாக வழிகாட்டியாக இருக்கிறவரிடம் ஒருவர்தான் முடித்திருக்கிறார் என்றால் யோசிக்க வேண்டும். ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவு ஒன்று வைக்கச் சொல்லி யு.ஜி.சி. 2022-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. பெயருக்கு ஒரு பலகை மாட்டியிருக்கிறார்களா, இல்லை புதிய ஆசிரியர்களுக்கு ஆரம்பப் பணம் கொடுத்து, திட்டம் எழுதப் பழக்கி, கொள்முதல் கோப்புகளை நகர்த்துகிறார்களா என்பதை ஒருமுறை நேரில் போனாலே தெரிந்துகொள்ளலாம்.

கூட்டு ஆராய்ச்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் மகளின் தலைப்புக்கு அதுதான் உயிர். நம் சித்தூர்ப் பக்கம் மழை குறைந்த கிழக்குப் பாலக்காடு. ஆழ்குழாய்க் கிணறுகளில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும் ஊர்கள் உண்டு என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். பிளாச்சிமடையில் கோக்கக் கோலா ஆலையை எதிர்த்து நடந்த தண்ணீர்ப் போராட்டத்துக்குப் பிறகு இங்கே தண்ணீரைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. ஃபுளோரைடை ஒரு சாதாரண ஆய்வகத்திலேயே மின்முனை வைத்து அளந்துவிடலாம். மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஈயம், ஆர்சனிக் போன்றவற்றை அளக்க ஐ.சி.பி.-எம்.எஸ். மாதிரி கருவி வேண்டும். விலை கோடியைத் தொடும். எல்லாத் துறைகளிலும் அது இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கோழிக்கோடு குந்நமங்கலத்தில் நீர்வள ஆராய்ச்சிக்கென்றே சி.டபிள்யூ.ஆர்.டி.எம். இருக்கிறது. கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது. வாளையாரைத் தாண்டினால் கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஐ-ஸ்டெம் என்ற தேசியத் தளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்து முன்பதிவும் செய்யலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பெரிய நிறுவனங்களோடு இணைத்துப் பணம் கொடுக்க ஏ.என்.ஆர்.எஃப். 'பேர்' (PAIR) என்ற திட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறது.

ஆக, "எங்களுக்குப் பல இடங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்ட ஒப்பந்தங்கள் ஏராளம். அந்த ஒப்பந்தத்தால் போன வருடம் எந்த மாணவர் எங்கே போய் எந்தக் கருவியில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். மாதிரிகளை அனுப்பும் செலவும் போக்குவரத்துச் செலவும் திட்டத்தில் இருக்கிறதா, பிள்ளை கைக்காசு போட வேண்டுமா? அளந்த தரவுகள் யாருக்குச் சொந்தம், கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும்? இதையெல்லாம் வேலை தொடங்குவதற்கு முன்பே மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு நிறுவனங்கள் சேரும் இடத்தில் நடுவில் நிற்பது மாணவர்தான். அவருக்காகப் பேச ஒரு இணை வழிகாட்டி முறைப்படி நியமிக்கப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதி.

நம் எல்லைப் பகுதிக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் போன்ற கல்வி உதவித்தொகைகள் கேரளத்தவருக்கு. தமிழ்நாட்டு அரசின் உதவித்தொகைகள் அந்த மாநிலத்தவருக்கு. நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதற்காகக் கோவையில் அந்தச் சலுகை கிடைக்காது; சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் கேரளத்துடையவை. நெட் வழியாக வரும் ஃபெலோஷிப் மட்டும் வாளையார் செக்போஸ்டைப் பார்ப்பதில்லை, பிள்ளை எங்கே சேர்ந்தாலும் கூடவே போகும். அதனால்தான் நெட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன். எம்.எஸ்சி.யில் மகள் பல்கலைக்கழக முதலிடம் என்றால் டி.எஸ்.டி.யின் இன்ஸ்பையர் ஃபெலோஷிப்பையும் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், தலைப்பு நல்லது, சொந்த மண்ணின் பிரச்சினை, மகளுக்கு ஆசையும் இருக்கிறது. சேரலாம். ஆனால் திட்டத்தில் குறைந்தது இரண்டு வருடமாவது பாக்கி இருக்க வேண்டும், பிஎச்.டி. பதிவுக்கு இடம் இருப்பதாக வழிகாட்டி எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் இந்த வருடம் வீட்டிலிருந்து நெட்டுக்குப் படிக்கட்டும். ஒரு வருடம் போனால் போகிறது.

அனுமதி ஆணையின் நகல் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால், அதை வைத்து மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம்.