'வரேன்' என்று அடித்தால் 'ஏன்' என்று போகிறது

கேள்வி: புதுப் போன் வாங்கி 11 நாள் ஆகிறது. தமிழ் 99 விசைப்பலகையில் கடைசி வரிசை மட்டும் திடீர் திடீரென்று வேலை செய்வதில்லை. அன்றைக்குக் கணவருக்கு 'வரேன்' என்று அடித்தேன், 'ஏன்' என்று போயிற்று. அவர் "என்ன ஏன்?" என்று கேட்க, மாலையில் ஒரு சின்னச் சண்டையே வந்துவிட்டது. வாடிக்கையாளர் சேவையில் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னார்கள். இரண்டு முறை செய்தேன், பலனில்லை. விற்றவர் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டுகிறார். சர்வீஸ் சென்டரிலோ பத்து நிமிடம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இனி யாரிடம் போவது?

பதில்: உங்கள் போன் தனக்கு என்ன நோய் என்பதை அந்த ஒரு வார்த்தையிலேயே சொல்லிவிட்டது. தமிழ் 99-இல் வ, ர இரண்டும் கீழ் வரிசை. ஏ, ன, புள்ளி மூன்றும் மேலே. கீழே இருப்பதெல்லாம் விழவில்லை, மேலே இருப்பதெல்லாம் விழுந்திருக்கிறது. 'வரேன்' போய் 'ஏன்' ஆகிவிட்டது. வீட்டில் இதைக் காட்டிச் சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது கோளாறு விசைப்பலகைச் செயலியிலா, கண்ணாடியிலா என்று பார்க்க வேண்டும். போனைப் படுக்கைவாட்டில் திருப்பி அதே விசைப்பலகையைத் திறந்து, எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டுங்கள். அப்போதும் வ, ர தான் தகராறு செய்தால் செயலியைச் சந்தேகப்படலாம். வ, ர ஒழுங்காக விழுந்து, ஒவ்வொரு வரிசையிலும் ஓர் ஓரத்து எழுத்து மட்டும் விழாமல் போனால் கண்ணாடிதான். எழுத்துகள் இடம் மாறிவிட்டன, செத்த இடம் மாறவில்லை. தொடுதிரைக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அதில் ஒரு கோடோ அதன் இணைப்போ சரியில்லை என்றால், விரல் அகலத்துக்கு ஒரு பட்டை முழுவதும் மரத்துப்போகும். அதற்கு நூறு தடவை ரீசெட் செய்தாலும் உங்கள் படங்கள்தான் அழியும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதைப் போடுங்கள். இனி விரல் போகும் வழியெல்லாம் திரையில் கோடு விழும். மேலிருந்து கீழே மெதுவாக ஒரு கோடு இழுங்கள். செத்த பட்டைக்கு வந்ததும் கோடு அறுந்து, அதைத் தாண்டியதும் மறுபடி தொடங்கும். ஐபோனில் இந்த வசதி இல்லை. ஏதாவது ஓவியச் செயலியில் நெருக்கமாகக் கோடு போட்டாலும் இதே காட்சிதான்.

இதையெல்லாம் செய்யுமுன் ஸ்கிரீன் கார்டையும் உறையையும் கழற்றிவிடுங்கள். நான் பழுது மேசையில் உட்கார்ந்த முதல் வருடம், பேசும்போது திரை அணைந்து திரும்ப வராத போன் ஒன்று வந்தது. முகம் அருகில் வந்ததும் திரையை அணைக்கும் சென்சார் போய்விட்டது என்று முடிவுகட்டி, பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றி, திருகுகளை வரிசையாகக் காந்தத் தட்டில் வைத்து, கேபிளையும் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, சென்சாருக்கு நேர் மேலே ஸ்கிரீன் கார்டின் கறுப்பு ஓரம் கால் இஞ்ச் தள்ளி ஒட்டியிருந்தது. அதை உரித்ததும் போன் சரியாகிவிட்டது. அதைத் திரும்ப மூடத்தான் முக்கால் மணி நேரம் ஆனது. திட்டுக்கு ஆன நேரம் தனி.

சரி, சர்வீஸ் சென்டரில் ஏன் "ஒன்றும் இல்லை" என்றார்கள்? பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். திரைச் சோதனை என்பது சின்னச் சின்னக் கட்டங்களை விரலால் தடவி நிறம் மாற்றுவதுதான். அந்த ஒரு நிமிடம் திரை ஒழுங்காக இருந்தால் தேர்ச்சி. நீங்களே 'திடீர் திடீரென்று' என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டு விட்டு வரும் கோளாறைப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தால், அது அவர் கையில் வராது. எப்போது வருகிறது என்று நீங்கள்தான் மூன்று நாள் கவனிக்க வேண்டும். போன் சூடான பிறகா? சார்ஜில் இருக்கும்போதா? சூட்டில்தான் வருகிறது என்றால், அங்கே வரிசையில் காத்திருக்கும்போதே பத்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டிருங்கள். உங்கள் முறை வரும்போது போனும் தயாராக இருக்கும்.

வீட்டில் ஒருமுறை வந்துவிட்டால் உடனே இன்னொரு போனில் படம் பிடியுங்கள். முதலில் *#06# அடித்து ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) தெரியட்டும். பிறகு, வெட்டாமல் ஒட்டாமல் அதே ஓட்டத்தில் கோடு அறுவது தெரியட்டும். "இது வேறு போன்" என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வி. வாரண்டி பல மாதம் இருக்கும், அதை நினைத்துத்தான் எல்லோரும் நிதானமாக இருந்துவிடுகிறார்கள். அது பழுது பார்த்துத் தருவதற்கான காலம். புதுப் போனாகவே மாற்றித் தரும் காலம் தனி. விற்றவரின் நிபந்தனையில் அது பெரும்பாலும் சில நாட்கள்தான், ஆளுக்கு ஆள் மாறும். முதலில் பில்லை எடுத்து அது முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் பேசியது மட்டும் போதாது. முடிந்திருந்தாலும் மனம் தளர வேண்டாம், அந்தக் காலத்துக்குள் வாடிக்கையாளர் சேவையில் நீங்கள் பேசியதற்கான புகார் எண் இருக்குமே, அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். முதல் புகாரின் தேதிதான் முக்கியம்.

மாற்றும் காலம் இருக்கும்போதே போனைத் திறக்க விடாதீர்கள். திரையை மாற்றித் தருகிறோம், இரண்டே நாள் என்பார்கள். திறந்து வேலை பார்த்த போனை விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்வது அபூர்வம். 11 நாள் போனுக்குப் பழுது பார்ப்பு எதற்கு?

சர்வீஸ் சென்டரில் கொடுத்தே தீர வேண்டும் என்றால் ஜாப் ஷீட்டை (போனை வாங்கும்போது கோளாறை எழுதித் தரும் தாளை) படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'டச் ப்ராப்ளம்' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பார்கள், நானும் அப்படி எழுதியவன்தான். 'திரையின் அடியிலிருந்து இத்தனை விரல்கடை மேலே, குறுக்காக ஒரு பட்டை, சூடானால் தொடுகை இல்லை, வீடியோ காட்டப்பட்டது' என்று எழுதச் சொல்லுங்கள். 'கீறல் இல்லை, வளைவு இல்லை' என்பதும் அதில் இருக்கட்டும். போன முறை "ஒன்றும் இல்லை" என்றார்களே, அதற்கும் தாள் வாங்கினீர்களா? இல்லையென்றால் போய்க் கேட்டு வாங்குங்கள். கோளாறு இல்லை என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. எத்தனாவது நாளில் நீங்கள் அங்கே போய் நின்றீர்கள் என்பதற்கு அது சாட்சி.

கேள்வி: சார்ஜில் போட்டால் மட்டும் திரை தானாகத் தட்டிக்கொள்கிறது. யாருக்கோ அழைப்பெல்லாம் போய்விடுகிறது. புதுப் போன்தான்.

பதில்: உடனே போனைக் குற்றம் சொல்லாதீர்கள். பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள். அதில் பேய் ஆடவில்லை என்றால் குற்றவாளி சார்ஜர். மட்டமான சார்ஜர், மின்சாரத்தோடு இரைச்சலையும் சேர்த்து அனுப்பும், திரை அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும். போனுக்கென்று நிறுவனம் கொடுத்த சார்ஜரில் வந்தால் சார்ஜரையும் சேர்த்து மாற்றக் கேளுங்கள். பவர் பேங்கிலும் ஆடினால் முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாற்றிக் கொடுத்த போனிலும் அதே கோளாறு வருமா?

பதில்: வரலாம். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்த கதை நினைவிருக்கும். செப்டம்பரில் திரும்பப் பெற்று வேறு நிறுவனத்தின் பேட்டரி வைத்த போன்களைக் கொடுத்தார்கள். அவற்றிலும் சில எரிந்தன. அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் வெளியிட்ட விளக்கத்தில், இரண்டு நிறுவனங்களின் பேட்டரிகளிலும் வெவ்வேறு குறை இருந்தது என்று தெரியவந்தது. அவ்வளவு தூரம் உங்களுக்குப் போகாது. ஆனாலும் மாற்றுப் போன் வந்த அன்றே பழைய கோளாறு வந்த சூழ்நிலையை வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள். ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதெல்லாம் பிறகு. மாற்றுப் போனுக்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள், பெரும்பாலும் பழைய தேதியே தொடரும்.

கேள்வி: பழுது பார்க்கக் கொடுக்கும்போது பூட்டு எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: நான் கொடுக்க மாட்டேன். ஆயிரக்கணக்கான போன்கள் என் கையில் வந்திருக்கின்றன. திறந்து கிடக்கும் போனில் என்னென்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். சில போன்களில் பழுது பார்ப்பவருக்கென்று தனி முறை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்து, சோதிக்க வேண்டியது மட்டும் திறந்திருக்கும். அது இல்லையென்றால் போனில் உள்ளதை வேறிடத்தில் பேக்கப் எடுத்துவிட்டு அழித்துக் கொடுங்கள். அதற்கு முன் போனில் உள்ள கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அழித்த பிறகும் போன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். வங்கிச் செயலி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் தரும் செயலி இரண்டையும் வேறு போனுக்கு மாற்றிய பிறகே அழியுங்கள். இதை மறந்து, தன் மின்னஞ்சலுக்குள்ளேயே போக முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிம்மை உருவிக்கொள்ளுங்கள்.

சிம் தட்டை உருவும்போது டார்ச் அடித்து உள்ளே ஒரு படம் எடுத்து வையுங்கள். பல போன்களில் அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். தண்ணீர் பட்டால் சிவக்கும். சிவந்திருந்தால் வாரண்டி கிடையாது என்றுதான் முதலில் சொல்வார்கள். கொடுக்கும்போது வெள்ளையாக இருந்தது என்பதற்கு உங்களிடம் படம் இருக்க வேண்டும்.

கேள்வி: மூன்று வாரப் போனின் பின்மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருக்கிறது. பசை விட்டிருக்கும், அழுத்தி ஒட்டிவிடலாமா?

பதில்: அழுத்தாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கலாம். அணைத்துவிடுங்கள், சார்ஜில் போடாதீர்கள், எரியக்கூடிய பொருள் பக்கத்தில் வைக்காதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறது என்று முதலில் தொலைபேசியில் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுக்கொண்டு நேரில் எடுத்துப் போங்கள். இன்றைக்கே.