லண்டனின் பழைய தொடர் வீடுகளில் தெருவிலிருந்து பார்த்தால் கூரை தெரிவதில்லையே, ஏன்?

முக்கியக் காரணம் தீ பயம். 1666 பெருந்தீக்குப் பின் வந்த சட்டங்களில், 1707-ஆம் ஆண்டுச் சட்டம் கூரை விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த மர வேலைப்பாட்டைத் தடைசெய்தது. அதனால் முகப்புச் சுவரைக் கூரைக்கு மேல் கைப்பிடிச் சுவராக உயர்த்திக் கட்டினார்கள். 1709-இல் ஜன்னலின் மரச்சட்டகத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னார்கள். 1774-இல் ஜன்னலை ஏற்றி இறக்க உதவும் எடைகள் தொங்கும் பக்கவாட்டு மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்க வேண்டும் என்றானது. வீட்டின் வயதை ஊகிக்க முதலில் ஜன்னலைப் பாருங்கள். லண்டனுக்கு வெளியே இந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் பல வீடுகளில் இருப்பது நடுவில் தாழ்ந்த கூரை. இரு பக்கப் பொதுச்சுவர்களிலிருந்தும் சரிவு நடுவை நோக்கி இறங்கும். அங்கே ஈயத் தகடு போட்ட வாய்க்கால் முன்னிருந்து பின்னாகச் சரிந்து, பின்சுவர்க் குழாயில் தண்ணீரை விடும். பின்பக்கம் நின்றால் சுவரின் தலை 'வி' வடிவில் தெரியும்.

தலைவலியும் இந்த வாய்க்கால்தான். இலை அடைத்தால் தண்ணீர் தேங்கி, தகட்டின் மடிப்பைத் தாண்டி ஏறும். அடியிலுள்ள உத்திரம், குறிப்பாகச் சுவருக்குள் புதைந்த அதன் நுனி, அழுகும். தகட்டை ஒரே நீளமாகப் போட்டாலும் வம்பு: வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிக் கிழிந்துவிடும். துண்டு துண்டாக, படி விட்டுத்தான் போட வேண்டும்.

முகப்பு உப்பியிருந்தால் வேறு சந்தேகம் எழ வேண்டும். வெளியே விலைகூடிய செங்கல், உள்ளே மட்டரகம். இரண்டையும் பிணைக்கும் குறுக்குச் செங்கற்களைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடித்த கட்டுநர்கள் ஏராளம். சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் வெளி அடுக்கை உள் அடுக்கோடு பிணைத்து, இடைவெளிகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள்.