கிறிஸ்மஸ் அன்று வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் சேர்ந்து விளையாட என்ன விளையாட்டுகள் உண்டு?

கேட்டவர் கூடவே இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருபது பேர் கூடுவார்கள், ஆறு வயதுப் பிள்ளையும் உண்டு, எண்பது தாண்டிய பாட்டியும் உண்டு. துபாயில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு வீடியோ காலில் வருவார், அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டைச் சொல்வதற்கு முன் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் காரியம் கெடுவதே அதில்தான். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்மஸ் ஆராதனை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம் என்றால் நள்ளிரவுப் பூசை. எப்படியும் முந்தின ராத்திரி யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். மதியம் பிரியாணி வேறு. அதற்குப் பிறகு மூன்று மணிக்கு விசில் ஊதினால் மாமாக்கள் வந்து உட்காருவார்கள், உட்கார்ந்தபடியே குறட்டையும் விடுவார்கள். அவர்களைத் தூங்க விடுங்கள். எழுந்து காபி குடித்து, முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஒரு சுற்று போன பிறகு, ஐந்து மணிவாக்கில் ஆரம்பியுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். பிள்ளைகள் "இன்னும் ஒண்ணு" என்று கேட்கும்போதே நிறுத்திவிடலாம்.

அடுத்தது, என்னுடைய ஒரே நிபந்தனை. யாரையும் 'அவுட்' ஆக்கும் விளையாட்டு குடும்பத்துக்கு ஆகாது. மியூசிக்கல் சேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே வெளியேறுவது யார்? மூட்டுவலிக்காரப் பெரியம்மாவும் ஆறு வயதுக் குழந்தையும்தான். அப்புறம் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் நாற்காலிக்கு இடித்துக்கொள்வதை மற்ற பதினாறு பேரும் வேடிக்கை பார்க்க வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பொருந்தும், வீட்டுக்கு வேண்டாம். பலூன் உடைப்பதும் அப்படித்தான்.

இருபது பேரையும் கடைசி வரை உட்கார வைக்கும் விளையாட்டு என்றால் எனக்குத் தெரிந்து ஹௌசிதான். தம்போலா என்றும் சொல்வார்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு சீட்டில் மூன்று வரிசை, ஒன்பது பத்தி. மொத்தம் 27 கட்டத்தில் 15-ல் மட்டும் எண் இருக்கும், வரிசைக்கு ஐந்து. 1 முதல் 90 வரை எழுதிய துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒருவர் எடுத்து வாசிப்பார். உங்கள் சீட்டில் அந்த எண் இருந்தால் அடிக்கலாம். முதலில் ஐந்து எண் அடித்தவருக்கு ஒரு பரிசு, மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசைக்கு ஒவ்வொன்று, நாலு மூலைக்கு ஒன்று, பதினைந்தும் அடித்தால் ஃபுல் ஹவுஸ். பேனாவால் அடிக்காமல் எண் மேல் புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். சீட்டு அடுத்த ஆட்டத்துக்கும் ஆகும், பேனா எங்கே என்ற கூச்சலும் இருக்காது.

வெறும் எண்ணை வாசித்துக்கொண்டே போனால் இருபதாவது எண்ணில் சலித்துவிடும். எங்கள் வீட்டில் வாசிப்பவர் எண்ணைச் சொல்ல மாட்டார், குறிப்பைத்தான் சொல்வார். மற்றவர்கள்தான் எண்ணைக் கண்டுபிடித்துக் கத்த வேண்டும். 'கற்பனைகள்' (கடவுள் மோசேக்குக் கொடுத்த கட்டளைகள்) என்றால் 10. 'யூதாஸ் வாங்கின வெள்ளிக்காசு' என்றால் 30. இதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடும். கொஞ்சம் கடினமானது வேண்டுமென்றால் 'அண்ணன்மார் குழியில் போட்ட யோசேப்பு' 17 வயசு, 'ஆரானை விட்டுப் புறப்பட்ட ஆபிரகாம்' 75, 'பார்வோன் முன்னால் நின்ற மோசே' 80. பெதஸ்தா குளத்தருகே படுத்துக் கிடந்தவனுக்கு எத்தனை வருஷ வியாதி? 38. மத்தேயு முதல் அதிகாரத்தில் தலைமுறைகளை எத்தனை எத்தனையாகப் பிரித்திருக்கிறது? 14. பாலகனைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது அங்கே இருந்த அன்னாள் என்ற விதவையைக் குறித்து லூக்கா சொல்லும் எண் 84. ஹௌசியின் கடைசி எண்ணான 90-க்கும் ஆள் இருக்கிறது, சாராள். 'இந்த வயசிலா பிள்ளை பெறுவாள்?' என்று ஆபிரகாம் சிரித்த வயசு அது.

இந்த இடத்தில்தான் பாட்டிமார் எழுந்து உட்காருவார்கள். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த ஆச்சி சீட்டைக்கூடப் பார்க்காமல் "எம்பத்தி நாலு!" என்பார். பேரப்பிள்ளைகள் அவர் பக்கத்தில் இடம் பிடிக்கச் சண்டை போடும்.

எல்லா எண்ணும் வேதாகமத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேக் சாப்பிட வருவார்களே, அவர்களும் விளையாட வேண்டாமா? நாயன்மார் 63, கலைகள் 64, நட்சத்திரம் 27, சித்தர் 18, தமிழ் வருஷங்கள் 60 என்று கலந்து வையுங்கள். பன்னிரண்டு வந்தால் நாங்கள் 'சீஷர்கள்' என்போம், பக்கத்து வீட்டு மாமி 'ஆழ்வார்கள்' என்பார். இரண்டும் சரி. மிச்ச எண்களுக்கு வீட்டுக் கதை போதும்: தாத்தா வீட்டுக் கதவு எண், அத்தான் ஓட்டும் பஸ்ஸின் ரூட் எண், பெரியப்பா கணக்கில் வாங்கின மார்க் (அவர் சம்மதித்தால்). 90 குறிப்பும் எழுதி வைக்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். நாற்பது, ஐம்பது தேறினால் போதும், மற்றதை எண்ணாகவே வாசிக்கலாம். டிசம்பர் முதல் வாரத்திலேயே பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து இந்த வேலையை ஒப்படையுங்கள்.

சீட்டுக்குக் காசு வாங்காதீர்கள். பத்து ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் காசு புழங்கினால் அது சூதாட்டம் என்று நினைக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் கட்டாயம் இருப்பார்கள், நாள் முழுக்க முகம் சுளித்துக்கொண்டு இருப்பார்கள். பரிசுகளை யாராவது ஒரு சித்தப்பா வாங்கி வரட்டும். எவர்சில்வர் கிண்ணம், பென்சில் டப்பா, சோப்பு, கடலைமிட்டாய்ப் பொட்டலம். பெரிய பரிசு ஒன்றைவிடச் சின்னப் பரிசு பதினைந்து நல்லது.

இரண்டாவது, கிறிஸ்மா – கிறிஸ்சைல்ட். கொடுப்பவர் கிறிஸ்மா, வாங்குபவர் சைல்ட். தமிழ்நாட்டுக் கல்லூரியிலோ சென்னை ஆபீஸிலோ இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் தொடக்கத்தில் சீட்டெடுத்து, நமக்கு வந்தவருக்கு நாம்தான் என்று தெரியாமலே சின்னச் சின்னப் பரிசும், கூடவே 'இன்று இதைச் செய்' என்று ஒரு கட்டளையும் அனுப்ப வேண்டும். கடைசி நாளில் யார் யாருக்குக் கிறிஸ்மா என்று வெளிவரும். குடும்ப வாட்ஸ்அப் குழு இருந்தால் கட்டளைகளை அதிலேயே நடத்தலாம், அனுப்ப மட்டும் ஒரு நடுவர் வேண்டும். தாய்மாமா காலையில் பட்டுவேட்டி கட்டி ஃபோட்டோ போட வேண்டும், சமையலறைப் பக்கமே போகாத அண்ணன் அடையோ தோசையோ சுட்டு வீடியோ போட வேண்டும், இந்த மாதிரி. டிசம்பர் 25-க்கு எல்லோரும் வந்து சேரும்போது ஏற்கெனவே பாதி விளையாடி முடித்திருப்பார்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. சீட்டுக் குலுக்கினால் யாராவது ஒருவருக்குத் தன் பெயரே வந்து தொலைக்கும், எல்லாவற்றையும் மறுபடி போட்டுக் குலுக்க வேண்டியிருக்கும். இது துரதிர்ஷ்டம் இல்லை, கணக்கே அப்படி. ஐந்து பேரானாலும் ஐம்பது பேரானாலும் யாரோ ஒருவருக்காவது தன் பெயர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆளுக்கொரு அட்டை எடுங்கள். முதல் அட்டையின் மேல் பாதியில் 'உன் எண் 1', கீழ்ப் பாதியில் 'உன் சைல்ட் 1'. இரண்டாம் அட்டையில் இரண்டு இடத்திலும் 2. இப்படியே கடைசி வரை. எல்லாவற்றையும் கவிழ்த்துக் கலைத்து வரிசையாக வைத்து, நடுவில் குறுக்கே வெட்டுங்கள். கீழ்ப் பாதிகளை மட்டும் ஒரு இடம் வலப்பக்கம் தள்ளுங்கள். கடைசியில் துருத்தி நிற்பது முதல் இடத்துக்கு வரும். இப்போது மேலும் கீழும் சேர்த்து, கவிழ்த்தபடியே ஸ்டேப்ளர் அடித்து, மறுபடி கலைத்து ஆளுக்கொன்று கொடுங்கள். அவரவர் 'உன் எண்' என்ன என்பதை மட்டும் சத்தமாகச் சொல்ல, ஒருவர் பட்டியலாக எழுதிக்கொள்ளட்டும். யாருக்கும் தன் பெயர் வராது, அட்டை செய்தவருக்கும் ரகசியம் தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு: இந்த முறையில் எல்லோரும் ஒரே சங்கிலியாக அமைந்துவிடுவார்கள். கடைசி நாளில் ஒருவர் எழுந்து தன் சைல்டிடம் பரிசைக் கொடுக்க, அவர் எழுந்து தன் சைல்டிடம் கொடுக்க, இருபது பேரையும் சுற்றி முதல் ஆளிடமே வந்து முடியும்.

பாட்டு விளையாட்டு இல்லாமல் கிறிஸ்மஸ் இல்லை. ஆனால் அந்தாக்‌ஷரி வேண்டாம், அது சீக்கிரமே சினிமாப் பாட்டுக்குப் போய்விடும், பெரியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒருவர் கீர்த்தனையின் மெட்டை மட்டும் வாய் திறக்காமல் முனக வேண்டும், எதிரணி பாட்டைச் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பமானால் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தின் பாட்டு எண்ணைச் சொல்லி முதல் அடியைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தைத் திறக்காமலே சொல்லும் ஆட்கள் கொயரில் இருந்திருப்பார்கள்.

வினாடி வினா வைப்பதானால் 'இயேசு எங்கே பிறந்தார்' வகைக் கேள்விகளை விட்டுவிடுங்கள். குடிலைக் காட்டி, 'இதில் இருப்பவற்றில் எது வேதாகமத்தில் இல்லை?' என்று கேளுங்கள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று எங்கேயும் எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று வகை. அவர்கள் வந்ததும் மாட்டுக்கொட்டிலுக்கு இல்லை, 'வீட்டுக்கு' என்றுதான் மத்தேயு எழுதுகிறார். மரியாள் ஏறி வந்த கழுதையும் லூக்காவில் இல்லை. சத்திரத்தில் இடமில்லை என்று இருக்கிறது, கதவைச் சாத்திய சத்திரக்காரர் இல்லை. நாடகத்தில் அந்த வேஷம் போட்டவர்கள் ரொம்பவே வருத்தப்படுவார்கள். ஒரு எச்சரிக்கை: குடும்பத்தில் ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் கலந்திருந்தால் 'பைபிளில் எத்தனை புத்தகம்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் 73, ஒரு பக்கம் 66. சம்பந்தி வீட்டோடு அந்த வழக்கு ராத்திரிச் சாப்பாடு வரை போகும்.

சின்னப் பிள்ளைகளுக்காக இரண்டு. கண்ணைக் கட்டி மூக்கருகே கிண்ணம் நீட்டுவது: ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, சுக்கு. கேக்குக்கு வாங்கினதே மிச்சம் இருக்கும். இன்னொன்று, டாய்லெட் பேப்பர் சுற்றி பனி மனிதன் செய்வதற்குப் பதிலாக, சிவப்புத் துண்டு, சேலை, பஞ்சு மட்டும் கொடுத்து ஐந்து நிமிஷத்தில் அணிக்கொரு கிறிஸ்மஸ் தாத்தாவை உடுத்திவிடச் சொல்வது. வீட்டிலேயே மிகக் கண்டிப்பான ஆளைத் தாத்தாவாக்கினால்தான் இதற்கு ருசி.

பார்சல் சுற்றும் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும், பாட்டு நிற்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவர் தாளை உரிக்க வேண்டும், உரிக்க உரிக்க உள்ளே ஒரு சீட்டு. அந்தச் சீட்டை எழுதும்போதுதான் கவனம் வேண்டும். 'ஆடு', 'பாடு' என்று எழுதினால் அது சரியாகப் போய், போன மாதம் கல்யாணமாகி வந்த மருமகள் கையில்தான் நிற்கும். 'எப்போ கல்யாணம்', 'எவ்வளவு சம்பளம்' வேடிக்கையாகக்கூட வேண்டாம். 'இடப்பக்கம் இருப்பவருக்குக் காபி கொண்டுவா', 'மைனிக்குப் பிடித்த பலகாரம் எது, சொல்' என்ற அளவில் இருந்தால் யாருக்கும் சங்கடமில்லை.

துபாய்த் தம்பிக்கு வருகிறேன். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், நம் ஐந்து மணி அவருக்கு மூன்றரை. கிறிஸ்மஸுக்கு அங்கே அரசு விடுமுறையும் கிடையாது, அதனால் அவர் ஆபீஸில் இருப்பாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வரும் நேரத்துக்கு ஹௌசியைத் தள்ளி வையுங்கள். சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி அவரையும் ஆட வைப்பதைத்தான் எல்லோரும் செய்வார்கள். ஆனால் லைன் இரண்டு விநாடி தாமதமாக வரும், அதற்குள் இங்கே யாராவது 'மேல் வரிசை!' என்று கத்திவிடுவார்கள். அதனால் எண் டப்பாவையும் குறிப்பு நோட்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். நோட்டின் ஃபோட்டோவை அனுப்பினால் போதும், எண் குலுக்க ஃபோனிலேயே ஆப் இருக்கிறது. அவர் அங்கிருந்து வாசிக்கட்டும், தாமதம் இங்கிருக்கும் எல்லோருக்கும் ஒரே அளவில்தான் வரும். டிவியோடு ஃபோனை இணைத்து அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால், 'தப்பா வாசிக்கிறான்' என்று ஆச்சி திட்டுவதற்கும் வசதியாக இருக்கும்.